திறமூல மென்பொருள்

திறமூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலைப் படிக்கவும், எந்த நோக்கத்திற்கும் பயன்படுத்தவும், மாற்றி அமைக்கவும், மாற்றிய வடிவிலோ மாற்றாத வடிவிலோ பிறருக்கு வழங்கவும் அனைவருக்கும் அனுமதி தரும் உரிமத்தின் கீழ் வெளியிடப்படும் மென்பொருள் ஆகும். லினக்ஸ் கருனி, பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, விஎல்சி ஊடக இயக்கி, பைத்தான் நிரல்மொழி, விக்கிப்பீடியா தளங்களை இயக்கும் மீடியாவிக்கி ஆகியன பரவலாக அறியப்பட்ட திறமூல மென்பொருள்கள்.

ஒரு மென்பொருளைத் திறமூலம் ஆக்குவது அதன் விலை அன்று. அதன் நிரல் இணையத்தில் பார்வைக்குக் கிடைப்பதும் அன்று. அதனுடன் வழங்கப்படும் உரிமமே அதைத் தீர்மானிக்கிறது. எனவே ஒரு மென்பொருளைப் பெற விரும்புபவர், அது எந்த உரிமத்தின் கீழ் வெளியாகிறது, யாரிடமிருந்து வருகிறது என்னும் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பெயர்

ஆங்கிலத்தில் ஓப்பன் சோர்ஸ் எனப்படும் இக்கருத்து தமிழில் திறமூலம், திறந்த மூலம், திறவூற்று எனப் பலவாறு எழுதப்படுகிறது. கட்டற்ற மென்பொருள் என்பது இதனுடன் நெருங்கிய தொடர்புடைய, ஆனால் வேறு இயக்கத்திலிருந்து பிறந்த சொல். கட்டற்ற மென்பொருள் இயக்கம் பயனரின் சுதந்திரத்தை அறம் சார்ந்த கோரிக்கையாக முன்வைக்கிறது. திறமூல இயக்கம், நிரலை வெளிப்படையாக வைத்துப் பலர் கூடி உருவாக்குவதன் நடைமுறைப் பயன்களை முதன்மைப்படுத்துகிறது. நோக்கில் வேறுபாடு இருப்பினும், ஒன்றில் அடங்கும் மென்பொருள் பெரும்பாலும் மற்றொன்றிலும் அடங்கும்.

மூல நிரல்

நிரலாளர் ஒரு நிரல்மொழியில் எழுதும், மனிதர் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க கட்டளைகளின் தொகுப்பே மூல நிரல் ஆகும். சி போன்ற மொழிகளில் எழுதப்பட்ட மூல நிரலைக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி, கணினி நேரடியாக இயக்கக்கூடிய இருமக் கோப்பாக மாற்றுகிறது. இருமக் கோப்பை இயக்கலாம். ஆனால் அதைப் படித்து நிரலின் போக்கை அறிவது மிகக் கடினம், திருத்துவது அதனினும் கடினம்.

ஓர் எழுத்துச் செயலி "கொ" என்னும் எழுத்தின் குறிகளை இடம் மாற்றிக் காட்டுவதாகக் கொள்வோம். பயனரிடம் இருமக் கோப்பு மட்டும் இருந்தால், அதை உருவாக்கிய நிறுவனத்திற்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. அந்த மொழியின் சந்தை சிறியது என நிறுவனம் கருதினால் திருத்தம் வராமலே போகலாம். மூல நிரலும் அதை மாற்றும் உரிமையும் இருந்தால், நிரல் அறிந்த எவரும் வழுவைக் களைந்து, திருத்திய பதிப்பை மற்றவர்களுக்கும் வழங்கலாம். நிரல் அறியாதவர் அறிந்த ஒருவரை அமர்த்திக் கொள்ளலாம்.

வரலாறு

1950களிலும் 1960களிலும் மென்பொருள் பெரும்பாலும் கணினி வன்பொருளோடு சேர்த்தே தரப்பட்டது. மூல நிரலைப் பகிர்வது பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் இயல்பாக இருந்தது. மென்பொருள் தனி வணிகப் பொருளாக வளர்ந்த 1970களில் இந்நிலை மாறத் தொடங்கியது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், 1980 அளவில் அங்கு வந்த ஒரு லேசர் அச்சுப்பொறியின் மூல நிரலைப் பெற இயலாமல் போனதைத் தம் முயற்சிக்கான தூண்டுதல்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டுள்ளார். 1983 செப்டம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. குனூ பொதுமக்கள் உரிமத்தின் முதற்பதிப்பு 1989இலும், இரண்டாம் பதிப்பு 1991இலும், மூன்றாம் பதிப்பு 2007இலும் வெளியாயின.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். 1992இல் அது குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வந்தது. இக்கருனியும் குனூ திட்டத்தின் கருவிகளும் இணைந்து முழுமையான இயங்குதளம் ஒன்று உருவானது.

1998 சனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை வெளியிடப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதம் கலிபோர்னியாவில் கூடிய ஒரு சிறு குழுவில் கிறிஸ்டின் பீட்டர்சன் ஓப்பன் சோர்ஸ் என்னும் சொல்லை முன்மொழிந்தார். ஆங்கிலத்தில் "ஃப்ரீ" என்னும் சொல் விடுதலையையும் இலவசத்தையும் ஒருசேரக் குறித்ததால் ஏற்பட்ட குழப்பத்தைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டில் எரிக் ரேமண்ட், புரூஸ் பெரன்ஸ் ஆகியோர் திறமூல முனைப்பகத்தைத் தொடங்கினர். நெட்ஸ்கேப் வெளியிட்ட நிரலிலிருந்து மொசில்லா திட்டம் வளர்ந்தது. பயர்பாக்ஸ் உலாவியின் 1.0 பதிப்பு 2004 நவம்பரில் வெளிவந்தது.

வரையறை

திறமூல முனைப்பகத்தின் வரையறை, டெபியன் திட்டம் 1997இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் பத்து விதிகள் உள்ளன. அவற்றின் முதன்மையான கருத்துகள்:

- மென்பொருளை விற்பதையோ இலவசமாக வழங்குவதையோ உரிமம் தடுக்கக் கூடாது.
- மூல நிரல் கிடைக்க வேண்டும். வேண்டுமென்றே குழப்பி எழுதிய நிரல் மூல நிரலாகக் கொள்ளப்படாது.
- மாற்றங்களையும் வழிப் படைப்புகளையும் உரிமம் அனுமதிக்க வேண்டும்.
- எந்த மனிதருக்கும் குழுவிற்கும் எதிராக வேறுபாடு காட்டக் கூடாது.
- எந்தத் துறையின் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, "வணிகத்தில் பயன்படுத்தக் கூடாது" என்னும் விதி கொண்ட உரிமம் திறமூல உரிமம் ஆகாது.

உரிமங்கள்

பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு நிரல் எழுதப்பட்டவுடனேயே அதன் உரிமை எழுதியவருக்கோ அவர் பணிபுரியும் நிறுவனத்திற்கோ சேர்கிறது. பிறர் அதை நகலெடுக்கவும் மாற்றவும் உரிமையாளரின் அனுமதி தேவை. அந்த அனுமதியை முன்கூட்டியே எல்லோருக்கும் எழுத்தில் தருவதே திறமூல உரிமம் ஆகும். இவ்வுரிமங்கள் இரு பெரும் வகைப்படும்.

தளர்வான உரிமங்கள்: எம்ஐடி உரிமம், பிஎஸ்டி உரிமங்கள், அப்பாச்சி உரிமம் ஆகியவை இவ்வகை. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால், நிரலை மூடிய மென்பொருளுக்குள்ளும் பயன்படுத்தலாம். 2004இல் வெளியான அப்பாச்சி உரிமத்தின் 2.0 பதிப்பு, பங்களித்தவர்களின் காப்புரிமங்களைப் பயன்படுத்தவும் வெளிப்படையாக அனுமதி தருகிறது.

அளிப்புரிமை உரிமங்கள்: குனூ பொதுமக்கள் உரிமம் இவ்வகையில் முதன்மையானது. இதன் கீழ் உள்ள நிரலை மாற்றி வெளியே வழங்குபவர், பெறுபவருக்கும் அதே உரிமைகளையும் மூல நிரலையும் தர வேண்டும். குனூ அஃபெரோ உரிமம், மாற்றிய மென்பொருளை வலைப்பின்னல் வழியாகச் சேவையாகத் தருபவருக்கும் இக்கடமையை விரிக்கிறது. மொசில்லா பொது உரிமம் இக்கடமையைக் கோப்பு அளவில் நிறுத்திக் கொள்கிறது.

இவை வெறும் வேண்டுகோள்கள் அல்ல. 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஒன்று குனூ பொதுமக்கள் உரிமத்தை மீறிய நிறுவனத்திற்கு எதிராகத் தடை விதித்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் திசைவி லினக்ஸ் நிரலைப் பயன்படுத்தியது கண்டறியப்பட்டபின், 2003இல் அதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தோன்றியது. உற்பத்தியாளர் கைவிட்ட பல பழைய திசைவிகளுக்கு இன்றும் புதிய மென்பொருள் கிடைப்பது இத்தகைய திட்டங்களாலேயே ஆகும்.

திறமூலம் எனத் தவறாகக் கருதப்படுபவை

- இலவச மென்பொருள்: விலையின்றிக் கிடைத்தாலும் மூல நிரலோ மாற்றும் உரிமையோ தராதவை பல உள்ளன. மறுபுறம், திறமூல மென்பொருளை விலைக்கு விற்கத் தடையில்லை.
- உரிமம் குறிப்பிடப்படாத நிரல்: ஒருவர் தம் நிரலை இணையத்தில் வைத்து உரிமம் எதையும் சேர்க்கவில்லை எனில், எல்லா உரிமைகளும் அவரிடமே உள்ளன. அதைப் பார்க்கலாம், தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ள உரிமை இல்லை.
- பார்வைக்குத் திறந்த நிரல்: சில நிறுவனங்கள் மூல நிரலைக் காட்டினாலும், போட்டிச் சேவை நடத்துவது போன்ற பயன்பாடுகளைத் தடுக்கின்றன. இவை மேற்கண்ட வரையறைக்குள் வாரா.
- செயற்கை நுண்ணறிவு மாதிரிகள்: பயிற்றப்பட்ட எடைகள் பதிவிறக்கத்திற்குக் கிடைப்பதால் மட்டும் ஒரு மாதிரி திறமூலம் ஆகிவிடாது. இதற்கெனத் தனி வரையறையைத் திறமூல முனைப்பகம் 2024 அக்டோபரில் வெளியிட்டது.

எங்கே பெறுவது

வழங்கல்களின் களஞ்சியங்கள்

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்துத் தம் களஞ்சியங்களில் வைத்துள்ளன. பயனர் பொதி மேலாளர் வழியாகப் பெயரைத் தேடி நிறுவுகிறார். ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் உண்டு; உரிமம் சரிபார்க்கப்படுகிறது; களஞ்சியம் எண்மக் கையொப்பத்தால் காக்கப்படுகிறது. டெபியன், தன் நெறிகளுக்கு உட்பட்டவற்றை "மெயின்" என்னும் பகுதியிலும், உட்படாதவற்றைத் தனிப் பகுதிகளிலும் வைக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துவோர் முதலில் தேட வேண்டிய இடம் இதுவே.

திட்டத்தின் சொந்தத் தளம்

விண்டோஸ், மேக் கணினிகளைப் பயன்படுத்துவோர் அந்தந்தத் திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து பெறுவது நன்று. தேடுபொறியில் மென்பொருளின் பெயரை இட்டால் விளம்பரங்களும் போலித் தளங்களும் முன்னே வரக்கூடும். திட்டத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையில் தரப்பட்டுள்ள தள முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய பாதுகாப்பு.

நிரல் வைப்பகங்கள்

மூல நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்துப் பலர் கூடிப் பணியாற்ற உதவும் தளங்கள் இவை. 1999இல் தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் நெடுங்காலம் முதன்மையாக விளங்கியது. 2008இல் தொடங்கிய கிட்ஹப் இன்று மிகப் பெரியது. இதனை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018இல் 750 கோடி டாலருக்கு வாங்கியது. இவை தவிர கிட்லேப், இலாப நோக்கற்ற கோட்பெர்க், குனூ திட்டத்தின் சவான்னா ஆகியனவும் உள்ளன. வைப்பகத்தில் இருப்பவை அனைத்தும் திறமூலம் அல்ல. ஒவ்வொன்றின் உரிமத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

நிரல்மொழிகளின் களஞ்சியங்கள்

பெர்ல் மொழிக்கு 1995 முதல் சிபான், பைத்தானுக்கு 2003 முதல் பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010 முதல் என்பிஎம் எனப் பல மொழிகளுக்குத் தனிக் களஞ்சியங்கள் உள்ளன. இவற்றில் பொதுவாக எவரும் கணக்குத் தொடங்கிப் பொதிகளை ஏற்றலாம். புகழ்பெற்ற பொதியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தீங்கான பொதிகளை ஏற்றும் மோசடி பலமுறை நிகழ்ந்துள்ளது. எனவே பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து நிறுவுதல் வேண்டும்.

கைபேசிச் செயலிகள்

ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான எஃப்-டிராய்டு 2010இல் தொடங்கப்பட்ட, திறமூலச் செயலிகள் மட்டும் இடம்பெறும் பட்டியல் ஆகும். செயலி பயனரைக் கண்காணிக்கும் கூறுகளைக் கொண்டிருந்தால் அதனையும் அது குறித்துக் காட்டுகிறது.

காப்பகங்கள்

நிரல் வைப்பகங்கள் நிலையானவை அல்ல. 2006இல் தொடங்கிய கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது; மைக்ரோசாப்ட்டின் கோட்பிளெக்ஸ் 2017இல் மூடப்பட்டது. உலகின் மூல நிரல்களைத் திரட்டிப் பாதுகாக்கும் சாப்ட்வேர் ஹெரிடேஜ் என்னும் காப்பகம் 2016இல் பிரான்சு நாட்டின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. மறைந்த தளங்களில் இருந்த பல திட்டங்களை அதில் தேடிப் பெறலாம்.

பெறுமுன் கவனிக்க வேண்டியவை

1. உரிமக் கோப்பு உள்ளதா எனப் பார்த்தல். பெரும்பாலும் லைசென்ஸ் அல்லது காப்பியிங் என்னும் ஆங்கிலப் பெயரில் முதன்மை அடைவில் இருக்கும்.
2. அவ்வுரிமம் திறமூல முனைப்பகம் ஏற்ற உரிமங்களின் பட்டியலில் உள்ளதா எனப் பார்த்தல்.
3. கடைசிப் பதிப்பு எப்போது வெளியானது, வழு அறிக்கைகளுக்குப் பதில் தரப்படுகிறதா என அறிதல்.
4. எத்தனை பேர் பராமரிக்கின்றனர் என அறிதல். ஒருவரை மட்டும் நம்பியுள்ள திட்டம் அவர் விலகினால் நின்றுவிடலாம்.
5. திட்டம் சரிபார்ப்புத் தொகையோ எண்மக் கையொப்பமோ வெளியிட்டிருந்தால், பதிவிறக்கிய கோப்பை அதனோடு ஒப்பிடுதல்.

நம்பகமும் பராமரிப்பும்

நிரல் திறந்திருப்பதால் பலரும் பார்ப்பர், வழுக்கள் விரைவில் வெளிப்படும் என்பது திறமூலத்திற்கு ஆதரவாகக் கூறப்படும் வாதம். பார்க்க இயலும் என்பதும் பார்க்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல எனச் சில நிகழ்வுகள் காட்டின.

இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு வழு 2014 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2012இல் வெளியான பதிப்பு முதலே அது இருந்துவந்தது. உலகெங்கும் வழங்கிகள் சார்ந்திருந்த அந்நிரலகத்தை மிகச் சிலரே குறைந்த நிதியில் பராமரித்து வந்தனர் என்பது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்னும் 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த ஏராளமான திட்டங்களைக் கட்டமைக்க முடியாமல் போனது.

பெறும் இடத்தின் முக்கியத்துவத்தை இரு நிகழ்வுகள் உணர்த்துகின்றன. ஜிம்ப் படத் தொகுப்பி சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தைவிட்டு வெளியேறியபின், அதன் விண்டோஸ் பதிப்பிற்கான பழைய பக்கத்தை அத்தளம் தன் பொறுப்பில் எடுத்து, வேறு நிறுவனங்களின் விளம்பர மென்பொருளைச் சேர்த்த நிறுவியை வழங்கியது 2015இல் கண்டனத்திற்கு உள்ளானது. 2016இல் உரிமையாளர் மாறியபின் அத்தளம் அவ்வாறு சேர்த்து வழங்கும் முறையைக் கைவிட்டது.

இரண்டாவது, எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்னும் சுருக்கக் கருவியில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட புறவழி ஆகும். ஈராண்டுகளுக்கு மேல் பங்களித்து, தனியொருவராகப் பராமரித்து வந்தவரின் நம்பிக்கையைப் பெற்ற ஒரு கணக்கு, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீங்கான நிரலைச் சேர்த்தது. அதைச் செயல்படத் தூண்டும் பகுதி பொது வைப்பகத்தில் இல்லை. பதிவிறக்கத்திற்கென வெளியிடப்பட்ட தொகுப்புக் கோப்பில் மட்டுமே இருந்தது. தொலை உள்நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர் காரணத்தைத் தேடிச் சென்று இதனைக் கண்டுபிடித்தார். பெரும்பாலான வழங்கல்களின் நிலையான பதிப்புகளை அது எட்டுமுன் தடுக்கப்பட்டது. மூல நிரலைப் படிக்க முடிந்ததாலேயே அவரால் காரணத்தை இறுதிவரை பின்தொடர முடிந்தது. பராமரிப்பவர் தனியாக விடப்பட்டதாலேயே அந்த ஊடுருவல் எளிதானது.

உரிமம் மாறும்போது

பதிப்புரிமை முழுவதும் ஒரு நிறுவனத்திடம் இருந்தால், அது புதிய பதிப்புகளின் உரிமத்தை மாற்றிவிடலாம். முன்பு வெளியான பதிப்புகளுக்குத் தந்த அனுமதி அதனால் மறைவதில்லை. எனவே பிறர் பழைய நிரலிலிருந்து புதிய கிளையைத் தொடங்கலாம். ரெடிஸ் தரவுத்தளம் 2024 மார்ச்சில் திறமூலம் அல்லாத உரிமங்களுக்கு மாறியபோது, லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் வால்கீ என்னும் கிளை தோன்றியது. 2025 மே மாதத்தில் ரெடிஸ் தன் 8ஆம் பதிப்பிற்குக் குனூ அஃபெரோ உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது. உரிமம் மாறாதபோதும் கிளைகள் தோன்றுவதுண்டு. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபின், ஓப்பன்ஆபிஸ் பங்களிப்பாளர்களில் பலர் 2010 செப்டம்பரில் லிப்ரே ஆபிஸைத் தொடங்கியது இதற்கு எடுத்துக்காட்டு.

தமிழும் தெற்காசியாவும்

யுனிகோடு முறையில் "கொ" என்பது ககர மெய்வரிசையின் அகர எழுத்தும் ஒகரக் குறியும் என அடுத்தடுத்து சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அக்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இப்பணியைச் செய்யும் ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரலகம் பயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் பயன்படுகிறது. ஓரிடத்தில் செய்யப்படும் திருத்தம் இவை அனைத்திற்கும் சென்று சேர்கிறது.

லினக்ஸ் கணினிகளில் தமிழ்99 உள்ளிட்ட விசைப்பலகை அமைப்புகளை எம்17என் திட்டம் தருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. அச்சுப் பக்கங்களின் படங்களை உரையாக மாற்றும் டெசராக்ட் மென்பொருள் எச்பி நிறுவனத்தில் உருவாகி 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. அதன் தமிழ்ப் பயிற்சித் தரவும் கிடைக்கிறது. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றின் தமிழ் இடைமுகங்களில் தன்னார்வலர்களின் உழைப்பு பெரும்பங்கு வகிக்கிறது.

இந்தியாவில், சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் வழங்கலை 2007இல் வெளியிட்டது. அரசுத் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை இந்திய அரசு 2015இல் அறிவித்தது. இலங்கையில், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையை அடுத்து, காணாமற்போனோர் விவரங்களையும் முகாம்களையும் நிவாரணத் தேவைகளையும் பதிவுசெய்யத் தன்னார்வ நிரலாளர்கள் சகானா என்னும் பேரிடர் மேலாண்மை மென்பொருளை உருவாக்கினர். அது திறமூலமாக வெளியிடப்பட்டதால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் பயன்படுத்தப்பட்டது.